அப்பா வைத்த புள்ளி

நெப்டியூனுக்கும் அப்பால் சுற்றும் பனிப்பாறை ஒன்றை அப்பா கண்டுபிடித்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. வெறும் மங்கல் புள்ளி. அதன் வெளிச்சத்தை வைத்து, அக்கம்பக்கத்தில் இத்தனை பெரியது வேறில்லை என்று கணக்குப் போட்டுச் சொன்னார். அவர் காலமான பிறகு வானாய்வுக்கூடமும் அந்தப் பெருமையும் பெரியவள் கைக்கு வந்தன. இரண்டிலும் தூசு படிய அவள் விட்டதில்லை.

அன்று காலை அவள் தம்பி, ஐம்பதை நெருங்கியும் எல்லோருக்கும் சின்னவன்தான், கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

"பாருக்கா. அப்பாவோட பாறை ஒண்ணில்ல, ரெண்டு. ஒண்ணையொண்ணு சுத்துது."

"தொலைநோக்கி ஆடியிருக்கும்."

"ஆடியிருந்தா நட்சத்திரமெல்லாம் நீண்டிருக்கணுமே? அதெல்லாம் மணிமணியா இருக்கு. இது மட்டும் முட்டை மாதிரி."

"அப்போ, பெரிசுங்கறது?"

"போச்சு. ரெண்டோட வெளிச்சத்தை ஒண்ணோட கணக்குல எழுதிட்டார்."

"வாயைக் கழுவு."

"கழுவிட்டு வந்தும் இதையேதான் சொல்வேன். இன்னிக்கே திருத்தம் அனுப்பணும், நீ கையெழுத்துப் போட்டாத்தான் போகும்." தேநீர் எடுக்கப் போய்விட்டான்.

அவள் பல மாதப் படங்களை வரிசையாக ஓடவிட்டாள். தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் அந்தப் புள்ளி மெல்லத் திரும்பியது. பார்க்கப் பார்க்க அறை கரைந்தது. சூரியன் ஒரு நட்சத்திரமாய்ச் சுருங்கிய அந்தக் குளிரில் இரண்டு பாறைகள், மூத்தது இளையது என்றில்லாமல், ஒன்றையொன்று முகம் பார்த்தபடி மிதந்தன. ஒரு சுற்றுக்கு நூறு நாள். அவசரமே இல்லை. நடுவில் அவள் நின்றாள். அப்பா புள்ளி வைத்த இடம் அதுதான். அங்கே ஒன்றுமே இல்லை.

கோப்பை மேஜையில் பட்ட சத்தத்தில் நிமிர்ந்தாள்.

"எழுது. தவறுன்னே எழுது."

"மறுபரிசீலனைன்னு பூசி மெழுகிடலாமே அக்கா?"

"நம்ம வீட்டுத் தப்பை நாம சொன்னாத் திருத்தம். அடுத்தவன் சொன்னா அவமானம். எழுதுடா."

எழுதினான். அவள் கையெழுத்திட்டாள். வானாய்வுக்கூடப் பட்டியலில் பாறைக்கு அப்பா எழுதியிருந்த அளவை, அவனை நகரச்சொல்லி, ஒவ்வோர் எண்ணாகத் தானே அழித்தாள்.

"ஆனா ஒண்ணுக்கா. ரெண்டும் அப்பா குறிச்ச இடத்தைத்தான் சுத்துது."

"ஆறுதல் கேட்டேனா?" என்றாள்.

கண் மட்டும் திரையை விட்டு வர மறுத்தது.