‘போறேன்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய மதியம்

பேரையூர் வீட்டைப் பூட்டிவிட்டு, கோச்சடையில் மகன் கட்டிய வீட்டுக்கு நானும் என் மனைவி இருளாயியும் குடிவந்த புதிது. தெரு முழுக்கத் தனித்தனி வீடுகள். எல்லாவற்றுக்கும் ஒரே சந்தன நிறம், ஒரே கறுப்பு கேட். காக்கைகூட இடம் வலம் பார்த்துவிட்டுத்தான் கரையும். ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று பலகை உண்டு. நாய் குரைத்து யாரும் கேட்டதில்லை.

அன்று மதியம் குழம்பில் வழக்கம்போல உப்பை அள்ளிப் போட்டிருந்தாள்.

“இத மாடுகூட நக்காதுடி.”

“அப்ப எந்திரிச்சு மாட்டுக்கு எடம் விடுங்க.”

“நான் போறேன்!” என்று கையைக் கழுவிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

கேட்டைச் சாத்தும்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கம் எம்புட்டுக் கோபம் வந்தாலும் ‘போயிட்டு வாரேன்’ என்றுதான் சொல்வார்கள். வெறும் ‘போறேன்’ என்றால் திரும்பி வருகிற உத்தேசம் இல்லை என்று அர்த்தம். சரி, தெருவை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பினால் தீர்ந்தது என்று நடந்தேன்.

ஒரு ஆள் இல்லை. ஒரு மாடிக் கொடியில் ஈரத்துணி சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு தரையில் விழுகிறது, சத்தம் இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பினேன்.

எங்கள் கேட்டில் கற்றாழை கட்டியிருக்கும், அதுதான் அடையாளம். இப்போது எல்லா கேட்டிலும் கற்றாழை தொங்கியது.

செத்துவிட்டேனோ என்று நாடியைப் பிடித்துப் பார்த்தேன். அது எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. என் வீடு எது? அதற்குள் போகாவிட்டால் நான் என்ன ஆவேன்? விட்ட சொல்லைத் திருப்பி எடுப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. நடுத்தெருவில் நின்று கத்தினேன்.

“ஏ இருளாயி! வாரேன்டி!”

அத்தனை கேட்டுகளும் ஒரே நேரத்தில் திறந்தன. அத்தனை வீட்டுக்குள்ளிருந்தும் இருளாயியின் குரல் வந்தது.

“வாங்க.”

“எம் பொண்டாட்டி என்னைக்குய்யா வாங்கன்னு கூப்பிட்டா? வையத்தான செய்வா!” என்றேன், வாய்விட்டு. அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தெரு கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு ஒரே ஒரு வீட்டிலிருந்து சத்தம் வந்தது.

“எங்க போயித் தொலைஞ்சீக? சோறு ஆறுதுல்ல!”

மற்ற கேட்டுகள் மெல்லச் சாத்திக்கொண்டன. நான் ஓடி உள்ளே நுழைந்தேன். அவளேதான். அதே சேலை, அதே மூக்குத்தி, அதே முறைப்பு. போன உயிர் வந்தது. தட்டை வைத்து, குழம்பை ஊற்றினாள். பிசைந்து ஒரு வாய் வைத்தேன்.

உப்பு அளவாக இருந்தது.

வெளியே கேட்டின் தாழ்ப்பாள் தானாக விழுந்தது. தெருவில் ஒருத்தி வைதுகொண்டே போனாள். “கெழட்டு மனுசா, எந்த வீட்டுக்குள்ள போயி உக்காந்திருக்கீக? தண்ணி ஊத்தி உப்பக் கொறச்சிட்டேன், வந்து தின்னு தொலைங்க!”

‘வாரேன்’ என்று கத்த வாயைத் திறந்தேன்.

“வாயில சோத்த வச்சுக்கிட்டுப் பேசாதீக,” என்றாள் எதிரில் இருந்தவள், இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றியபடி.