ஒரு லிட்டரில் நிற்காத கார்

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுப் பின்னறையில் இருந்து. அங்கே என் மனைவியின் தம்பிகளில் பெரியவன், போன வாரம் வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன், இன்னும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. அவன் அப்படிக் கிடக்க, நான் இங்கே பேனாவும் கையுமாகக் குஷியாக இருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் குஷி போகமாட்டேன் என்கிறது.

கார் கம்பெனியில் விளம்பர வாசகம் எழுதி ஓய்வு பெற்றவன் நான். 'எங்கள் காரை வாங்கினால் பெட்ரோல் பங்க் இருக்கும் தெருவே மறந்துபோகும்' என்று கூசாமல் எழுதியவன். ஆகவே நான் தரும் எண்களை நம்பாதீர்கள். மச்சானை மட்டும் நம்புங்கள்.

முதல் தொடக்கம்: 'நாலாயிரம் பேர் திரண்ட மைதானத்தில், சூரியனே எட்டிக் குனிந்து பார்க்க, அந்தக் கார்…'

(நிறுத்தினேன். நானூறு பேர்கூட இல்லை. நாற்பது இருக்கலாம். அதில் சிலர் நாற்காலி போட வந்தவர்கள்.)

2

கதைக்கு முன்னால் விதி. ஒரு கம்பெனி விற்கும் கார்கள் சராசரியாக லிட்டருக்கு இவ்வளவு தூரமாவது ஓட வேண்டும் என்று அரசு ஓர் அளவு வைத்தது. ஓடாவிட்டால் விற்கும் காருக்கெல்லாம் அபராதம். வெளிநாட்டுக் கம்பெனிகள் மின்சாரக் கார்களை இறக்கிச் சராசரியைத் தூக்கிக்கொண்டன. எங்களிடம் இருந்தது ஒரே எஞ்சின்; என் மீசை கறுப்பாக இருந்த காலத்தில் செய்தது. 'உள்நாட்டுக் கம்பெனிக்குச் சலுகை கொடுங்கள், இந்த எஞ்சினால் முடியவே முடியாது' என்று கம்பெனி மனுப் போட்டது.* கொடுக்காவிட்டால் அந்தக் காரைக் கட்டும் பகுதியை மூடிவிடுவோம் என்றும் சொன்னது.

அந்தப் பகுதியில்தான் சின்ன மச்சான் காருக்குக் கதவு மாட்டுகிறான்.

பெரிய மச்சான் அதே கம்பெனியில் சோதனை ஓட்டுநர். பட்டப்பெயர் பஞ்சுக்கால். அவன் கால் பட்டால் ஆக்ஸிலரேட்டருக்கே தெரியாது.

* புது எஞ்சின் செய்திருக்க வேண்டிய வருஷங்களில் கம்பெனி புது வாசல் வளைவு கட்டியது. அதைப் புகழ்ந்து அரைப்பக்க விளம்பரம் எழுதியது யார் என்று கேட்காதீர்கள்.

3

அதிகாரிகள் நேரில் பார்க்க வருவதாக ஏற்பாடு. டேங்கைக் கழற்றிவிட்டு, ஒரு லிட்டர் பெட்ரோல் ஊற்றிய கண்ணாடிக் குடுவையை இணைப்பார்கள். எஞ்சின் தானாக அணையும்வரை ஓட்டப்பாதையைச் சுற்ற வேண்டும். விதி கேட்கும் தூரம் கடைசிச் சுற்றில் முடிகிற இடத்தில் ஒரு சிவப்புக் கூம்பு. கார் அதற்கு முன்னால் நின்றுவிட்டால், முடியாது என்று கம்பெனி சொன்னது மெய்.

மேனேஜர் பெரியவனைக் கூப்பிட்டார்.

"பொய்யெல்லாம் வேண்டாம். ஊர்ல எல்லாரும் ஓட்டற மாதிரி ஓட்டு, போதும்."

"எல்லாரும் எப்படி சார் ஓட்டறாங்க?"

"என்னய்யா கேள்வி இது? அழுத்து, பிரேக் போடு, எதிர்ல வர்றவன திட்டு, மறுபடி அழுத்து."

முந்தின நாள் சின்னவனும் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, நாளைக்கு ஒரு நாள் கல்லுக்கால் ஆயிடுண்ணே."

"ஆயிடறேன்டா. இது ஒரு பெரிய வித்தையா?"

4

கூட்டம் காட்டுவதற்காக எங்களைப் போன்ற ஓய்வுபெற்றவர்களையும் வேன் வைத்து அழைத்துப் போயிருந்தார்கள். மேனேஜர் அதிகாரியிடம் மச்சானைக் காட்டி, "சாதாரண டிரைவர்தான் சார், ரோட்ல போற ஆள் மாதிரி" என்றார்.

முதல் இரண்டு சுற்றும் கார் உறுமிக்கொண்டு, குதித்துக்கொண்டு போனது. கம்பெனிக்காரர்கள் முகமெல்லாம் மலர்ச்சி. மூன்றாவது சுற்றில் உறுமல் அடங்கியது. அதற்கப்புறம் அந்தக் கார் ஓடவில்லை, வழுக்கியது. ஒவ்வொரு சொட்டையும் தாஜா பண்ணிக் கூட்டிப் போனான் என்றுதான் சொல்ல வேண்டும். (இது மிகை இல்லை. நான் எழுதியவற்றிலேயே இது ஒன்றுதான் மிகை இல்லை.) குடுவை காலி. எஞ்சின் அணைந்தது. அணைந்த பிறகும் கார் உருண்டது. கூம்பைத் தாண்டி, இன்னும் கொஞ்சம் போய், மெதுவாக நின்றது.

தொழிலாளிகள் கை தட்டினார்கள். சோதனையில் கார் குறியைத் தாண்டினால் தட்டுவது அங்கே வழக்கம். கை தானாகவே தட்டிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. ஒவ்வொரு கையாக நின்றது.

கடைசியில் ஒரு ஜோடிக் கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. என்னுடையதுதான். நான் காலமெல்லாம் எழுதிய புளுகை ஒருவன் கண் முன்னால் மெய்யாக்கிக் காட்டினால் எப்படி ஐயா தட்டாமல் இருப்பது? சின்னவன் திரும்பிப் பார்த்தான். "அத்தான், போதும்" என்றான்.

"ஆக, சாதாரண டிரைவருக்கே முடியுதே" என்றார் அதிகாரி.

5

இங்கே பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு வீரனை எழுதி எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன்.

"நியாயத்துக்காக வேணும்னேதான் நீ தாண்டினேன்னு எழுதியிருக்கேன்டா மச்சான்."

"எடுத்துடுங்க அத்தான். அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல." சுவரைப் பார்த்தபடியே சொன்னான்.

"அப்ப மேனேஜரைப் பழிவாங்கவா?"

"எஞ்சின் திணறுச்சு. கேக்க சகிக்கல. கால எடுத்துட்டேன். அவ்வளவுதான்." சுவரை நகத்தால் கீறினான். "அதுக்கப்புறம் தம்பி ஞாபகமே வரல அத்தான். காரு நிக்கறவரைக்கும் வரல. அதான் எனக்கு…"

வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. நான் முடிக்கலாம், அலங்காரமாக மூன்று முடிவு கைவசம் இருக்கிறது. வேண்டாம்.

வெளியே வரும்போது, "கதையிலயாவது கூம்புக்கு முன்னாடி நிறுத்திடுங்களேன்" என்றான்.

6

முயன்றேன். 'கூம்புக்கு ஒரு முழம் முன்னால் கார் திணறி நின்றது. சின்னவன் ஓடிவந்து அண்ணனை…'

ஆயுளெல்லாம் மைலேஜைக் கூட்டிக் கூட்டி எழுதிய கை. ஒரு முழம் குறைக்கச் சொன்னால் வரமாட்டேன் என்கிறது.

இன்னொரு முடிவு: 'கம்பெனி வெட்கப்பட்டுப் புது எஞ்சின் செய்தது.' (எழுதிவிட்டு நானே வாய்விட்டுச் சிரித்தேன். சமையலறையிலிருந்து என் மனைவி, "அங்க ஒருத்தன் சாப்பிடாம கெடக்கறான், உங்களுக்குச் சிரிப்பு" என்றாள்.)

சலுகை பற்றிய தீர்ப்பு இன்னும் வரவில்லை. வாசலில்தான் ஆள் வந்திருக்கிறது. சின்ன மச்சான். அந்த நாளுக்குப் பிறகு முதல் தடவை.

"அக்கா, அண்ணன் இருக்கானா?"

எந்த மாதிரிக் குரல் என்று எனக்குப் பிடிபடவில்லை. சண்டைக்கு வந்தவனும் அப்படித்தான் கேட்பான், கூட்டிப்போக வந்தவனும் அப்படித்தான் கேட்பான். பின்னறையில் கட்டில் கிறீச்சிடுகிறது. "இல்லேன்னு சொல்லிடுங்க அத்தான்" என்கிறான் பெரியவன், மெல்ல.

"இந்தக் கையால தொறக்க முடியாது, நீங்க போய்த் தொறங்க" என்கிறாள் என் மனைவி, மாவுக் கையோடு.

நான் எழுந்து போனால் ஏதாவது ஒன்றைக் கூட்டிச் சொல்லிவிடுவேன். என் வாய் அப்படி. நீங்கள் போங்கள். தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம், தூக்கி இழுக்க வேண்டும். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, இருக்கிறான் என்றோ இல்லை என்றோ, நீங்களே சொல்லுங்கள்.