தொட்டியின் வயது

1

இதைக் கதையாக எழுத நான் நினைக்கவே இல்லை. செமினி ஊருக்கு அப்பால், பழைய ரப்பர் தோட்டத்தில் இருக்கும் ஒரு சிற்றாலயத்தின் எழுபத்தைந்தாம் ஆண்டு மலருக்கு வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். நான் பட்டணத்து பிரிக்ஃபீல்ட்ஸ்காரன், முருகனைக் கும்பிடுகிறவன். மாதா கோயிலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் தலையாட்டிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "பெட்டிப் பலகையில் செய்த பெஞ்சுகள், பதினான்கு சிலுவைப்பாதைப் படங்கள் (ஒன்பதாவது மட்டும் புதிது), இளஞ்சிவப்பு மொசைக் பதித்த ஞானஸ்நானத் தொட்டி. அந்தத் தொட்டி..."

இங்கேயே நின்றுவிட்டேன். தொட்டியின் அடியில் 1961 என்று செதுக்கியிருக்கிறது. அந்தக் கோயிலுக்கு வரும் சவரியம்மா ஆன்டி பிறந்ததோ 1955.

"இதுலதான் தம்பி கைக்குழந்தையில எனக்கு ஞானஸ்நானம். அந்த நம்பர் ரிப்பேர் பண்ண வருஷம் லா. எங்கம்மா சொல்லியிருக்கு."

இந்த மண்ணிலேயே பிறந்தும் ஆன்டி கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்லை. பிறப்புச் சான்றும் இல்லை. கோயிலின் பழைய பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. தொட்டி 1955இலேயே இருந்தது என்று மலரில் அச்சானால், அதைக் குடியுரிமை அலுவலகத்தில் ஆதாரமாகக் காட்டலாம் என்று நம்புகிறார்.

3

(கோயில் செயலாளர் சூசைநாதனை வில்லனாக்கப் பார்த்தேன். "அறுபத்தொண்ணுக்கு முன்னாடி இங்க தொட்டியே இல்லன்னு மினிட்ஸ்ல இருக்கு பாஸ். டவுன் கோயில் பதிவேட்டுலயும் தேடிட்டேன், அவங்க பேரு இல்ல. பொய் எழுதாதீங்க" என்றார். ஆன்டியை மூன்று முறை தன் காரில் குடியுரிமை அலுவலகத்துக்கு அழைத்துப்போனவரும் இவர்தான். எப்படி வில்லனாக்குவது?)

4

முடிவு ஒன்று: 1955 என்று எழுதுகிறேன். யாரோ குனிந்து தொட்டியின் அடியைப் பார்க்கிறார். ஆன்டி பொய்க்காரியாகிறார்.

முடிவு இரண்டு: 1961 என்று எழுதுகிறேன். ஆன்டி மலரை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு... (முடிக்க மனசு வரவில்லை.)

முடிவு மூன்று: வரலாறே வேண்டாம், கதையாக்கிவிடலாம். கதையில் எந்த ஆண்டையும் போடலாம், குடியுரிமையே வாங்கிக் கொடுக்கலாம். அந்த நப்பாசையில்தான் இதைத் தொடங்கினேன். ஆனால் ஒரு கதையை ஆன்டி எந்தக் கவுண்டரில் நீட்டுவார்?

5

காலையில் ஆன்டி போன் செய்தார்.

"எழுதிட்டீங்களா தம்பி?"

"எழுதிக்கிட்டே இருக்கேன் ஆன்டி."

"கொஞ்சம் பெருசா போடுங்க. ஆபீஸ்காரங்க அவசரத்துல பாக்காம விட்ருவாங்க."

யார் சொல்வது உண்மை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இன்று மாலை மலர் அச்சுக்குப் போகிறது. ஒரு வரிதான் பாக்கி:

இந்தத் தொட்டி வைக்கப்பட்ட ஆண்டு: 19__

நீங்களே நிரப்புங்கள். நிரப்பியதும், ஆன்டிக்கு நீங்களே போன் செய்து சொல்லிவிடுங்கள்.