மூன்றாவது வகை

டானாங் எடுத்த சீட்டில் ‘மூன்றாவது வகை’ என்றிருந்தது. ஆங்கிலத்தில் நிபந்தனை வாக்கியத்துக்கு வகைகள் உண்டு. நடக்கக்கூடியதற்கு ஒன்று, கனவுக்கு ஒன்று. மூன்றாவது, கைவிட்டுப் போனதற்கு. ‘படித்திருந்தால் தேறியிருப்பேன்’ என்பது மாதிரி. போன வருடம் இதே வாய்மொழித் தேர்வில் தோற்ற டானாங்குக்கு உதாரணம் தேவைப்படவில்லை. இம்முறையும் தோற்றால் மாலாங் கல்லூரியில் இன்னொரு வருடம்.

தேர்வு ஜோடியாக எதிரே உட்கார்ந்திருந்தவள் வெனிங், மூன்று வருடக் காதலி. ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் கேட்டு பிளித்தார் ஊரிலிருந்து ஒரு வங்கிக்காரரின் குடும்பம் வருகிறது. வரலாமா, வேண்டாமா என்று இன்று சாயங்காலத்துக்குள் அவள் அம்மாவிடம் சொல்லியாக வேண்டும். நேற்று பக்ஸோ என்ற இறைச்சி உருண்டை சூப் விற்கும் வண்டியருகே கல்யாணத்தைப் பற்றி அவள் கேட்டபோது டானாங் ‘கலாவ்’ போட்டுத்தான் பதில் சொன்னான். அவர்கள் மொழியில் ‘கலாவ்’ அருமையான சொல். தேறினால் கல்யாணம் என்றும் பொருள், தேறியதும் கல்யாணம் என்றும் பொருள். ஆங்கிலத்தின் ‘இஃப்’பா, ‘வென்’னா, எது என்று யாரும் கேட்பதில்லை. அந்தச் சொல்லின் நிழலில்தான் அவன் மூன்று வருடம் சுகமாகக் காதலித்திருந்தான்.

தேர்வு விதிப்படி அவள் கேட்க வேண்டும். சீட்டிலுள்ள வகையில் அவன் பதில் சொல்ல வேண்டும்.

“என்னைக் கல்யாணம் பண்ணிப்பியா?” என்று வெனிங் பிழையில்லாத ஆங்கிலத்தில் கேட்டாள். பின்பெஞ்சில் ஒருவன் இருமினான்.

விரிவுரையாளர் பாக் முஜியோனோ பதிவேட்டிலிருந்து நிமிரவில்லை. “கேள்வி சரி. பதில்?”

“வேற சீட்டு எடுக்கலாமா, பாக்?” என்று டானாங் ஐயாவிடம் கெஞ்சினான்.

“இது என்ன லாட்டரியா, மாஸ்? மூணாவது வகை.” ‘மாஸ்’ என்றால் அண்ணன்; இளைஞர்கள் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

‘பண்ணியிருப்பேன்’ என்றால் முழு மதிப்பெண். அதோடு பிளித்தார்க்காரருக்கு வழிவிட்ட புண்ணியமும் சேரும்.

“சீக்கிரம், மாஸ்,” வெனிங் தங்கள் மொழியில் முணுமுணுத்தாள். “பிளித்தார்க்காரரு ஒரே வார்த்தையில சரின்னுட்டாராம். இங்கிலீஷே படிக்காதவரு.”

“வென்...” டானாங் சீட்டைக் கவிழ்த்து வைத்தான். “வென் ஐ ஃபெயில், ஐ வில் கம் டு யுவர் ஹவுஸ் ஆன் சன்டே. வித் மை மதர்.”

பாக் முஜியோனோ இப்போதுதான் நிமிர்ந்தார்.

“இது மூணாவது வகை இல்லையே.”

“இல்லை, பாக்.”

“இஃப்பும் இல்லை.”

“இல்லை, பாக்.”

அவருடைய சிவப்புப் பேனா டானாங்கின் பெயருக்கு நேரே ஊன்றியபடி நின்றது. மை தாளில் பொட்டாகிப் பரவியது. மேசைக்கடியில் வெனிங் கைப்பேசியில் அம்மாவின் பெயரைத் திறந்தாள். அவள் கட்டைவிரல் எதையோ எழுதியது, அழித்தது, மறுபடி எழுதியது.