நாற்பத்தொரு விநாடி

"அண்ணி, இந்த நாற்பத்தொரு விநாடி என்ன பண்ணீங்க?"

நாத்தனார் திரையைத் தொட்டுக் காட்டினாள். மொழிபெயர்ப்பாளரின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று கணினியில் ஒரு மாடல் கட்டுவது அவள் ஆராய்ச்சி. காலையிலிருந்து அவளுடைய ஆய்வகத்தில் ஒரு மருத்துவக் கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். என் கண் எந்தச் சொல்லில் நிற்கிறது என்பதை ஒரு கருவி குறித்துக்கொள்கிறது. பதினெட்டு வருஷமாக வாய் திறக்காமல் செய்த வேலைக்கு இப்போது வர்ணனை.

"யோசிச்சேன்."

"அதான், என்ன யோசிச்சீங்க? சொல் தேடலா, வாக்கிய அமைப்பா, சரிபார்ப்பா? மூணுல ஒண்ணு சொல்லுங்க."

"மூணும் இல்ல."

"நாலாவது பெட்டி கிடையாது அண்ணி. காலியா விட்டா மாடல் ஏத்துக்காது."

"அப்ப மாடலையே கேளு. அதுக்குத்தான் என் மூளை அத்துப்படியாச்சே."

அவள் சிரிக்கவில்லை. "மத்தவங்க எல்லாம் சமத்தா சொன்னாங்க. நீங்க மட்டும்தான் படுத்துறீங்க. இத்தனைக்கும் சுலபமான வாக்கியம்."

சுலபம்தான். நோயாளி உணவை மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். மொழிபெயர்ப்பு இரண்டாவது விநாடியிலேயே வந்துவிட்டது. விரல்கள்தான் தட்டவில்லை.

"சொல் தேடல்னு போட்டுடவா?"

சுருக்கென்றது. எனக்கு அந்தச் சொற்கள் கிடைக்கவில்லையாம். எதையும் சொல்லாமலே எழுந்து போயிருப்பேன். அந்தப் பொய்யை மட்டும் தாங்க முடியவில்லை.

"உங்கம்மா மூணு வாரமா வாயைத் திறக்கிறதில்ல," என்றேன். "நீ தினம் போன் பண்ணி, 'ஊட்டினீங்களா அண்ணி, விடாதீங்க அண்ணி'ங்கிற. நானும் தாடையைப் பிடிச்சு ஊட்டுறேன். இன்னிக்குக் காலையில பால் மூக்கு வழியா வந்துது. என்னையே பார்த்தாங்க. இந்த வாக்கியத்தைப் படிச்சதும் அந்த முகம்தான் வந்துது."

"பதிவு ஓடுது அண்ணி."

"ஓடட்டும். இனிமே நான் ஊட்ட மாட்டேன். ஊட்டித்தான் ஆகணும்னா நீயே வந்து ஊட்டு."

அவள் மூன்று பெட்டிகளில் எதையும் தொடவில்லை. பதிவை நிறுத்தினாள்.

"வேண்டாம்னு சொன்னாங்களா?"

"போன வாரம் வரைக்கும் கையால தள்ளினாங்க. இப்ப அதுவும் இல்ல."

நாத்தனார் கணினியை மூடாமலே எழுந்தாள். "நானும் வரேன்."

"ஊட்டவா?"

"தெரியல," என்றபடி பையைத் தேடினாள்.