ராஜாம்பாளுக்கு ஒரு எருமை நாக்கு

"தள்ளு நைனா, தள்ளு!"

ரஞ்சனி போட்ட சத்தத்தில் சேற்று மேட்டில் நின்றிருந்த கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. படகு மட்டும் அசையவில்லை. சேறு அவள் முழங்காலைத் தாண்டி ஏறியிருந்தது. சுடிதார் நனைந்து இரும்பாகக் கனத்தது. படகின் பின்பக்கத்தில் தோளைக் கொடுத்து இன்னொரு முறை முக்கினாள். முன்பக்கம் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த அவள் அப்பா முருகையன், வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் சேற்றில் விழுந்தார்.

"எழுந்திரு நைனா! தண்ணி போவுது!"

போய்க்கொண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இந்த இடத்தில் இடுப்பளவு தண்ணீர். இப்போது கணுக்கால் நனைந்தால் பெரிய விஷயம். மரக்காணம் கழிமுகம் மொத்தமும் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

"யாரோ மடையைத் தொறந்து வுட்ட மாதிரி இல்ல போவுது?" என்று சேற்றில் உட்கார்ந்தபடியே ஆச்சரியப்பட்டார் முருகையன்.

"ராஜாங்கம் மாமா இன்னா சொல்லி படகைக் குடுத்தாரு?"

"ஓரத்துல கட்டாத, நடு ஓடையிலயே நில்லுன்னாரு."

"நீ இன்னா பண்ண?"

"ஓரத்துல கட்டுனேன். மீனு ஓரத்துலதான படுக்கும்?"

செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம் ஏரியைக் குத்தகைக்கு எடுத்து மீன் பிடிக்கிறவர் முருகையன். அவருக்குத் தெரிந்த தண்ணீர் மழைக்கு ஏறும், மதகைத் திறந்தால் இறங்கும். ஏரியில் ஒரு கழியை நட்டுப் படகைக் கட்டினால், பொங்கலுக்குக் கட்டியது மாசியிலும் அங்கேயே மிதக்கும். கடலைக் கேட்டுக்கொண்டு காலையில் ஏறி, பகலில் இறங்குகிற தண்ணீரை அவர் கேள்விப்பட்டிருந்தார். நம்பவில்லை. அதனால் ஆழமில்லாத ஓரமாகப் பார்த்துக் கழியை நட்டு, முடிச்சை இறுக்கி, உயிருள்ள இறாலைத் தூண்டிலில் குத்திப் போட்டுவிட்டுத் தெம்பாக உட்கார்ந்துவிட்டார். இரண்டு கெளுத்தி வந்தது. ஒரு மடவை வந்தது. வேண்டிய மீன் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் தண்ணீரும் இல்லை.

ரஞ்சனிக்கு அழுகை முட்டியது. படகுக்காக இல்லை. இன்று பகல் சாப்பாட்டுக்கு இனியனின் அம்மா ராஜாம்பாள் செஞ்சிக்கு, அவர்கள் வீட்டுக்கு வருகிறார்.

மூன்றாவது முறையாக.

ரஞ்சனி செஞ்சியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். இனியனுக்கு ஊர் அனந்தபுரம், வேலை திண்டிவனத்தில் பைக் ஷோரூமில். இருவரும் விரும்புவது இரண்டு வீட்டுக்கும் தெரியும். முருகையன் மறுபேச்சு இல்லாமல் சரி என்றுவிட்டார். ராஜாம்பாள்தான் பிடி கொடுக்கவில்லை. பெண் பார்க்க வந்த வீட்டில் சம்மதம் என்றால்தான் கை நனைப்பார்கள். காபி, பஜ்ஜியெல்லாம் அதில் சேராது. இலைமுன் உட்கார்ந்து சோற்றில் கை வைக்க வேண்டும். வைத்துவிட்டால் தட்டு மாற்ற நாள் பார்க்கலாம். வைக்காமல் எழுந்துவிட்டால் வேறு இடம் பார்க்கலாம். ராஜாம்பாள் வந்த இரண்டு முறையும் காபியோடு எழுந்து போனவர்.

"இதான் கடைசி, ரஞ்சு," என்று இனியன் சொல்லியிருந்தான். "இதுக்கு மேல எங்கம்மாவைக் கூட்டியார என்னால முடியாது. ஆனா ஒரு வழி இருக்குது. சேத்துல தட்டையா படுத்துக் கெடக்குமே, எருமை நாக்கு மீனு, அதுன்னா எங்கம்மாவுக்கு உசுரு. அது மட்டும் இலையில வுழுந்துச்சு, அப்புறம் எழுந்திருக்கவே மாட்டாங்க."

கடலில் மீன்பிடித் தடைக்காலம். செஞ்சி மார்க்கெட்டில் ஐஸ் மத்தியைத் தவிர எதுவும் இல்லை. அதனால்தான் அப்பனும் மகளும் இருட்டு பிரியுமுன் பைக்கை எடுத்துக்கொண்டு இங்கே வந்து, இப்படிச் சேற்றில் நிற்கிறார்கள்.

கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கிய போன் அலறியது. இனியன்.

"கெடைச்சுதா?"

"இன்னும் இல்லடா. படகு மாட்டிக்கிச்சு. தண்ணி வத்திப் போச்சு."

"அய்யோ. மீனு?"

படகு மாட்டிக்கொண்டது என்கிறாள். அவனுக்கு மீன். பாவம், அவனுக்கும் டென்ஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

"கெடைக்கலன்னா இன்னாடா பண்றது? அம்மா போன் பண்ணுது. ஒரு சாம்பார், ரசம் வெச்சுடட்டுமான்னு கேக்குது."

"வேணாம்!" என்று அவசரமாகக் கத்தினான். "சாம்பாரெல்லாம் வெச்சா எங்கம்மா அவமானமா நெனைக்கும். வேற எதையும் வெக்க வேணாம்னு சொல்லு. மீனு மட்டும்தான். கொழம்பு, வறுவல், எல்லாமே அதுலதான் இருக்கணும். எப்படியாவது புடிச்சிடு ரஞ்சு."

போனை வைத்தாள். அம்மாவைக் கூப்பிட்டு, "எதுவும் வெக்காத, மீனு வருது" என்று ஒரு பெரிய பொய்யைச் சொன்னாள்.

"நைனா, நேராத் தள்ளுனா வராது. சேறு உறிஞ்சிப் புடிச்சிருக்குது. பக்கவாட்டுல ஆட்டு."

அவள் படகின் அந்தப் பக்கம் போக இரண்டு எட்டு வைத்தாள். மூன்றாவது எட்டில் நின்றுவிட்டாள்.

காலுக்கு அடியில் தரை நெளிந்தது.

"நைனா..."

"இன்னா?"

"நைனா, என் கால் கீழ எதுவோ இருக்குது. தட்டையா. துடிக்குது."

முருகையன் முகத்தில் இருந்த சிரிப்பெல்லாம் வடிந்துபோனது. "அசையாத! காலை எடுக்காத! திருக்கையா இருந்தா வாலைத் தூக்கி அடிக்கும். முள்ளு எறங்குச்சுன்னா அவ்ளோதான்."

"எருமை நாக்கா இருந்தா?"

"காலை எடுத்தா ஓடிப்புடும்."

இரண்டுக்கும் ஒரே பதில்தான். எடுக்கக் கூடாது. ரஞ்சனி ஒற்றைக் காலில் உடம்பு மொத்தத்தையும் ஏற்றி அழுத்தினாள். உள்ளங்காலில் ஒரு உயிர் திமிறியது. பக்கத்தில் சிப்பி ஓடு ஒன்று குதிகாலைக் கிழிப்பது தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முருகையன் தவழ்ந்து வந்தார். மார்பு வரைக்கும் சேற்றில் படுத்து, அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, மறு கையை மெல்லக் கீழே விட்டார்.

"நைனா, கையை வெக்காத. குத்திடப் போவுது."

"நீ கம்முனு இரு. வாலைத்தான் பாக்கணும். சாட்டை மாதிரி இருந்துச்சுன்னா திருக்கை."

விரல்கள் ஊர்ந்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூரத்தில் தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டே இருந்தது.

"இருக்குது... வாலு இருக்குது..."

"எப்படி இருக்குது? சொல்லித் தொலை நைனா!"

"விசிறி." முருகையன் கண்ணைத் திறந்தார். சேற்று முகத்தில் பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. "விசிறி மாதிரி இருக்குதுடி! நாக்குதான்!"

செவுளுக்குள் விரலைக் கொடுத்து அவர் தூக்கினார். அகலமான மீன். மேல்பக்கம் சேற்று நிறம், அடிப்பக்கம் வெளுப்பு. இரண்டு கண்ணும் ஒரே பக்கம், செய்தவன் பாதியில் எழுந்து போனதுபோல. அந்தக் கோணல் முகத்தைப் பார்த்து ரஞ்சனி சேற்றிலேயே நின்று ஓவென்று அழுதாள்.

"அழுவறதெல்லாம் அப்புறம். படகைப் புடி. அந்தம்மா பஸ்ஸு ஏறிடும்."

ஆட்டினார்கள். துடுப்பை அடியில் கொடுத்து நெம்பினார்கள். சேறு ஒரு பெரிய முத்தம் கொடுத்தாற்போலச் சத்தம் போட்டு விட்டுக்கொடுத்தது. படகு சறுக்கிக்கொண்டே ஓடைக்குள் விழுந்தது. இழுப்பு கடல் பக்கம். எதிர்த்துத் துடுப்புப் போட்டுத் துறைக்கு வந்து சேர்வதற்குள் முருகையனின் கை இரண்டும் கழன்றுபோயின. ராஜாங்கம் கரையில் நின்று ஏதோ திட்டினார். நின்று கேட்க நேரமில்லை.

பைக் பறந்தது. பின்னால் மீன் பையை மடியில் அணைத்துக்கொண்டு ரஞ்சனி. திண்டிவனத்தில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. முருகையன் சந்து சந்தாகப் புகுந்தார். "நைனா, மெதுவா" என்று ஒருமுறைகூட அவள் சொல்லவில்லை. செஞ்சிக் கோட்டை ராஜகிரி மலை கண்ணில் பட்டபோதுதான் குதிகால் எரிவதே உறைத்தது.

வாசலில் அம்மா மாரியம்மாள் அரிவாள்மனையோடு நின்றாள். "எங்கடி போய் தொலைஞ்சீங்க? மசாலா அரைச்சு வெச்சிட்டு வெறுஞ்சட்டியைப் பாத்துக்கினு இருக்கறேன்! இன்னாயா இது, எருமை மாதிரி சேத்துல பொரண்டுட்டு வந்து நிக்கிற? போய்க் குளி!"

தோல் உரிந்தது. துண்டுகள் விழுந்தன. புளி கொதித்தது. கல்லில் வறுவல் முறுகியது. ரஞ்சனி குதிகாலில் துணியைச் சுற்றி, புடவையை இறக்கிக் கட்டி மறைத்துக்கொண்டாள். தலையை வாரி முடிக்கும்போது தெருவில் ஆட்டோ நின்றது.

ராஜாம்பாள் இறங்கினார். பின்னால் இனியன். ரஞ்சனி கண்ணால் சிரித்தாள். கெடைச்சிடுச்சு என்று வாயசைத்தாள். அவன் வேகமாகத் தலையாட்டிவிட்டுப் போனில் குனிந்துகொண்டான்.

"வாங்க சம்பந்தியம்மா!" என்றார் முருகையன். மாரியம்மாள் பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினாள். "இருய்யா, அவசரக் குடுக்கை."

ராஜாம்பாள் சிரித்துவிட்டார். போன இரண்டு முறையும் சிரிக்காதவர். காபி வேண்டாம் என்றார். ரஞ்சனி காபி டம்ளரோடு அப்படியே திரும்பினாள். ஆனால் அவர், "பசிக்குது. இலையைப் போடுங்க, பேசிக்கினே சாப்பிடலாம்" என்று தானாகவே போய்ப் பாயில் உட்கார்ந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

மாரியம்மாள் சாமி படத்தைத் தொட்டுக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இலை விழுந்தது. சோறு விழுந்தது. ராஜாம்பாள் தண்ணீர் தெளித்துக் கையைக் கழுவிக்கொண்டார். ரஞ்சனி நொண்டாமல் நடந்து வந்து, குழம்புச் சட்டியிலிருந்து பெரிய துண்டாகப் பார்த்து எடுத்தாள்.

சோற்றுக்குப் போன ராஜாம்பாளின் கை அந்தரத்தில் நின்றது.

"இது இன்னாம்மா?"

"எருமை நாக்கு அத்தை. உங்களுக்காக நாங்களே போய்ப் புடிச்சிட்டு வந்தோம்."

ராஜாம்பாள் கையை மடியில் வைத்துக்கொண்டார். முருகையன் பதறி முன்னால் வந்தார். "உப்பு, காரம் பாத்துத்தான் போட்டிருக்குதும்மா. ஒரு வாய்..."

"அதுக்கில்லீங்க." ராஜாம்பாள் முகத்தில் கோபம் இல்லை. குழப்பம்தான் இருந்தது. "எனக்கு மீனு ஆகாது. வாயில பட்டாலே மூஞ்சி வீங்கி மூச்சு அடைச்சுக்கும். வாசனை அடிச்சப்போ மத்தவங்களுக்குன்னு நெனைச்சேன். வேற இன்னாம்மா வெச்சிருக்குது? ரசம் இருந்தாக்கூட போதும்."

"ரசம்..." மாரியம்மாள் மகளைப் பார்த்தாள். "எதுவும் வெக்கலீங்களே."

ரஞ்சனி கரண்டியைச் சட்டியில் வைக்க மறந்தாள். குழம்பு பாயில் சொட்டியது. அவள் இனியனைப் பார்த்தாள். அவன் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. திரை அணைந்திருந்தது.

ராஜாம்பாளும் மகன் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா, நேத்து ராத்திரியே சொன்னேனே? 'பொண்ணை எனக்குப் புடிச்சிருக்குது, நாளைக்கு அந்த வூட்ல கை நனைச்சிட்டுத்தான் எழுந்திருப்பேன், மீனு மட்டும் வேணாம்னு அவங்களாண்ட சொல்லிடு'ன்னு! 'சொல்லிட்டேம்மா'ன்னியேடா!"