இல்லாத பிரேக்

என் கணவரின் வலது கால் ஓயவே இல்லை. வாடகைக் காரை எடுத்து நான்கு நாளாகிறது. வளைவு வந்தால் மிதி, எதிரே லாரி வந்தால் மிதி, சாலையோரம் ஒரு கோழி நின்றால்கூட மிதி. அவர் உட்கார்ந்திருந்த பக்கம் பிரேக்கே கிடையாது, வெறும் ரப்பர் விரிப்புதான்.

அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கால் இருபத்திரண்டு வருடமாக ஊரைக் காப்பாற்றி வந்தவர். தூக்கத்தில்கூடக் கட்டிலின் கால்மாட்டை உதைப்பார். கேட்டால், "ஒரு பொண்ணு சிக்னல்ல நிறுத்தாமப் போயிட்டா" என்பார்.

மூன்று மாதத்துக்கு முன் அவருக்கு லேசான பக்கவாதம் வந்து போனது. வலது பக்கம் அரை மணி நேரம் மரத்துக் கிடந்து, பிறகு சரியானது. "பேச்சு குழறினாலோ, கை கால் சொன்ன பேச்சு கேக்கலைன்னாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துடுங்க" என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். இந்தப் பயணம் வேண்டாமென்றேன். மாஸ்டர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். மழையும் காடும் மலையுமான ஒரு நாட்டைக் காரிலேயே சுற்ற வேண்டுமென்று ஒரு வருடமாக மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஆயிற்றே. கடைசியில் டாக்டர், "போயிட்டு வாங்க, ஆனா ஸ்டியரிங்கை இவர் தொடக் கூடாது" என்று என்னைக் கைகாட்டிவிட்டார்.

நானோ வீட்டிலிருந்து மார்க்கெட்வரை ஓட்டுகிறவள். இங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், வண்டிகள் போவது வலப்பக்கம். ஒவ்வொரு திருப்பத்திலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினேன். போதாததற்குப் பக்கத்தில் தப், தப் என்று அந்தக் கால்.

நான்காம் நாள் காலை மலையேறும்போது எனக்குப் பொறுமை போய்விட்டது.

"கால எடுங்க! தரையப் போட்டு மிதிச்சா வண்டி நிக்குமா?"

"நீ நேரத்துக்கு நிறுத்தினா நான் ஏன் மிதிக்கப்போறேன்?"

"இன்னொரு தடவ அந்தக் கால் அசைஞ்சுது, இங்கயே எறக்கி விட்டுடுவேன். நடந்து வாங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. பத்து நிமிடம், ஒரு மிதிகூட இல்லை. ஒருவழியாக வாயையும் காலையும் அடக்கிவிட்டோமே என்று எனக்கு உள்ளூர சந்தோஷம். வைப்பர் ஆடுவதற்கு ஏற்ப ஏதோ பாட்டைக்கூட முணுமுணுத்தேன்.

மலை உச்சியைத் தாண்டி இறங்கும் வளைவில் ஒரு லாரி நட்டநடு ரோட்டில் வந்தது. நான் பிரேக்கை அழுத்தினேன். ஈரத்தில் சக்கரம் வழுக்கி, ஒரு முழம் இடைவெளியில் வண்டி நின்றது. லாரிக்காரன் என்னவோ கத்திவிட்டுப் போனான்.

பக்கத்திலிருந்து ஒரு 'தப்' இல்லை. விரிப்பின் மேல் அந்தக் கால் கழற்றி வைத்த செருப்பு மாதிரிக் கிடந்தது.

"என்ன, வீம்பா?" என்றேன்.

அவர் மெல்லத் திரும்பினார். வாயின் வலது ஓரம் கீழே இறங்கியிருந்தது. "ஒண்... ஒண்ணுழ்ழ..." என்றார்.

அந்தப் பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் கோபம், எத்தனை நிமிடம் நோய்? எனக்குத் தெரியவில்லை. மனுஷன் பக்கத்தில் சரிந்துகொண்டிருக்கிறார், நான் பாட்டுப் பாடியிருக்கிறேன். என்னைப் போல ஒரு பாவி உண்டா?

போனில் சிக்னல் இல்லை. கொஞ்சம் கீழே ஒரு பழக்கடை இருந்தது. கடைக்காரியிடம் ஓடினேன். அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. விரலால் என் வாயைக் கோணலாக இழுத்துக் காட்டி, காரைக் காட்டினேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. கீழே கைநீட்டி, இரண்டு வளைவு, ஒரு பாலம், வெள்ளைக் கட்டடம் என்று கையாலேயே சொன்னாள்.

வண்டியைக் கிளப்பினேன்.

"மாஸ்டர், எறக்கத்துல எந்த கியர்? சொல்லுங்க மாஸ்டர்!"

"ரெண்... ரெண்..."

"ரெண்டாவது. போட்டுட்டேன். தூங்கிடாதீங்க. வளைவு வருது, மிதிங்க!"

கால் அசையவில்லை.

"நான் வேகமாப் போறேன், பாருங்க. மிதிங்க!"

அசையவில்லை. பாலத்தின் மேல், வாழ்க்கையில் முதல்முறையாக, வேண்டுமென்றே கிளட்சைத் தப்பாக விட்டேன். வண்டி குலுங்கி முனகியது. இப்படி ஓட்டினால் மாணவர்களின் தலையில் குட்டுகிற மனுஷன் இவர். திட்டுங்கள், என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். கண்கள் மட்டும் என் பக்கம் திரும்பின.

வெள்ளைக் கட்டடம் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நர்ஸ் குடையோடு குறுக்கே வந்தாள். அழுகை என் பார்வையை மறைத்திருந்தது. கடைசி நொடியில்தான் பார்த்து பிரேக்கை அழுத்தினேன்.

பக்கத்தில் 'தப்' என்று கேட்டது.

மெதுவாகத்தான், பஞ்சுமூட்டை விழுகிற மாதிரி. ஆனால் கேட்டது. சுற்றி வந்து கதவைத் திறந்தேன். அவர் செருப்பைக் கழற்றி, உள்ளங்காலுக்குக் கீழே என் கையை வைத்தேன். நர்ஸ் ஸ்ட்ரெச்சருக்குக் குரல் கொடுத்துவிட்டு ஓடி வந்து என்னை விலகச் சொன்னாள். நான் விலகவில்லை.

"மிதிங்க," என்றேன். "இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன். மிதிச்சுக்கிட்டே இருங்க."

அவர் என் கையை மிதித்தார்.